பழைய கார் ரேடியேட்டரைப் பார்த்து அதன் காலத்தைக் கணிப்பது எப்படி?

முதல் விஷயம், நடுவில் தண்ணீரைக் குளிர்விக்கும் குழாய்ப் பகுதியை (கோர்) பார்த்து வருடம் சொல்லாதீர்கள். ஒழுக ஆரம்பித்தால் முதலில் மாற்றுவது அதைத்தான். மூடியையும் நம்ப வேண்டாம், கையால் திருகினால் கழன்று வருகிற சாமான் அது, பாய்ஸ் மோட்டோமீட்டர் (ரேடியேட்டர் சூட்டைக் காட்டும் வெப்பமானி) மாட்டிய மூடியை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் போட்டிருக்கலாம். மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, ஹோஸ் மாட்டும் வாய், சேஸியோடு (காரின் அடிச்சட்டம்) பொருத்தும் இடம், இவைதான் பெரும்பாலும் அசலாக மிஞ்சும்.

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் தகடு கோர்த்த குழாயை வளைத்து முன்னால் தாழ்வாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 1901 மெர்சிடிஸ் 35 ஹெச்.பி.யில் 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 சேர்ந்த தேன்கூடு ரேடியேட்டர் வந்தது, நிமிர்ந்து நிற்கும் முகம் அதற்கப்புறம்தான் பரவியது. ஆனால் ரெனோ 1920களின் பிற்பகுதி வரை ரேடியேட்டரை இன்ஜினுக்குப் பின்னால்தான் வைத்தது, அதனால் முன்னால் இல்லை என்பதற்காக ரொம்பப் பழசு என்று முடிவு கட்டிவிட முடியாது.

ஃபோர்டு மாடல் டி கைக்கு வந்தால் ஒரு காந்தம் போதும். 1916 மாடல் வரை வெளியே தெரிவது பித்தளைத் தொட்டியேதான், காந்தம் ஒட்டாது. 1917 மாடல் (1916 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது) முதல் தொட்டியை மூடி எஃகில் தனி உறை, கறுப்புப் பெயின்ட், காந்தம் பச்சக்கென்று ஒட்டும். பித்தளைக்குக் கறுப்படித்து வைத்திருந்தாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். 1923 மத்தியில், அதாவது 1924 மாடலுக்கு, உயரம் சற்றுக் கூடி உறைக்குக் கீழே ஒரு முன்தகடும் சேர்ந்தது. 1926, 27இல் நிக்கல் பூசிய உறையும் உண்டு.

பூச்சையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிக்கல் லேசாக மஞ்சள் தட்டும், குரோமியம் நீலம் தட்டும். கார்களில் குரோமியம் பரவியது 1920களின் கடைசியில்தான், அதற்கு முந்தைய ரேடியேட்டரில் அது இருந்தால் பிறகு பூசியது.

ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் காலம் குறித்துக்கொள்ளுங்கள், காரின் வருடத்தை இதை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம். பாலிஷ் போடுவதற்கு முன்னால் தொட்டியில் பதிந்த எழுத்துகளையும் பற்றவைத்த ஓரங்களையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள், மென்மையான பித்தளையில் அந்த எழுத்து தேய்ந்துவிட்டால் திரும்ப வராது.