வெளிப்படுத்தின விசேஷம் 4, 5 அதிகாரங்களைச் சபையாகச் சேர்ந்து வாசிப்பது எப்படி

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் தொடக்கத்திலேயே (1:3) "வாசிக்கிறவனும்", "கேட்கிறவர்களும்" பாக்கியவான்கள் என்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். ஒருவர் எழுந்து வாசிக்க, மற்றவர்கள் காதால் வாங்கிக்கொள்வதற்காக எழுதப்பட்ட நூல் இது. அதிலும் 4, 5 அதிகாரங்களில் பரலோக ஆராதனை குரல்மேல் குரலாக எழும்புகிறது. ஒரே ஆள் ஒரே தொனியில் வாசித்தால் யார் துதிக்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்பது கேட்பவர்களுக்குப் பிடிபடாது.

இரண்டும் சேர்ந்து 25 வசனங்கள்தான். நிதானமாக வாசித்தால் 7, 8 நிமிடங்கள் ஆகும். எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். பழைய திருப்புதலில் (பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில்) "பரிசுத்தர்", கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் "தூயவர்". இரண்டும் கலந்தால் சேர்ந்து சொல்லும் இடம் சிதறிப்போகும். கீழே உள்ளவை பழைய திருப்புதலை ஒட்டியவை.

முதலில் ஆட்களைப் பிரியுங்கள். இந்தக் காட்சியைக் கண்டு சொல்லும் யோவானாக ஒருவர், முழு விவரிப்பும் அவருடையது. சிங்காசனத்தைச் சுற்றியிருக்கும் நான்கு ஜீவன்களுக்கு நான்கு பேர், அங்கே வீற்றிருக்கும் இருபத்துநான்கு மூப்பர்களுக்குப் பாடகர் குழுவில் எட்டுப் பத்துப் பேர். 4:1-இன் எக்காள சத்தத்துக்கும் 5:2-இன் பலமுள்ள தூதனுக்கும் தனித்தனிக் குரல்கள். 5:5-இல் பேசும் மூப்பர் அந்தக் குழுவிலிருந்தே வரட்டும். தூதர்களாகப் பதினைந்து இருபது பேர் போதும். மீதிச் சபை முழுவதும் 5:13-க்கு. சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும் ஆள் போடாதீர்கள். இந்த இரண்டு அதிகாரங்களிலும் அவர்கள் பேசுவதே இல்லை. வீற்றிருக்கிறவரின் முகத்தையும் யோவான் வருணிக்கவில்லை; வச்சிரக்கல், பதுமராகம் என்று ஒளியை மட்டும் சொல்கிறார். ஆகவே நடுவில் நாற்காலிகூட வேண்டாம், அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

நிற்கும் இடமும் வசனத்திலேயே இருக்கிறது. ஜீவன்கள் அந்த வெற்றிடத்தை ஒட்டி, மூப்பர்கள் அவர்களைச் சுற்றி, தூதர்கள் அதற்கும் வெளியே (5:11). தூதர்களை இரு பக்கச் சுவரோரமும் பின்வாசல் பக்கமும் நிறுத்தினால், 5:12-இல் சபையைச் சுற்றிலுமிருந்து சத்தம் வரும்.

அதிகம் பழக வேண்டியது ஒட்டுமிடங்களை. தமிழில் பேச்சு முடிந்த பிறகுதான் "என்று" வரும். 4:8-ஐப் பாருங்கள். யோவான் "அவைகள்" என்று நிறுத்த, ஜீவன்கள் "இருந்தவரும் இருக்கிறவரும் வருகிறவருமாகிய" என்று தொடங்கி, "பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர்" என்று முடிக்க வேண்டும். உடனே யோவான் "என்று இரவும் பகலும் ஓய்வில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன" என்று எடுக்க வேண்டும். இங்கே இரண்டு வினாடி தாமதித்தால் வசனம் அறுந்துவிடும். முந்திக்கொண்டால் மூன்றாவது "பரிசுத்தர்" விழுங்கப்படும். ஜீவன்களின் கடைசி எழுத்து அடங்கும்போதே யோவான் மூச்சை இழுத்துத் தயாராக இருக்கட்டும். இந்த ஒரு வசனத்தைப் பத்துமுறை பழகினால் மற்ற ஒட்டுகள் தானாக வரும்.

அதே வசனத்தில் "அவ்வாறு சிறகுகள்" என்று இருக்கிறது. 'அப்படியே' என்று நினைத்து வாசிப்பவர்கள் நிறையப் பேர். அது ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆறு என்ற பொருளில் வரும் எண்ணுப்பெயர். ஏசாயா 6:2-இலும் இதே சொல்தான். "அவ், வாறு" என்று இழுக்காமல், எண்ணைச் சொல்லும் அழுத்தத்தோடு சொல்லச் சொல்லுங்கள்.

சத்தத்தை ஆரம்பத்திலேயே செலவழித்துவிடுவது பெரிய பிழை. 4:8-இல் உரக்கச் சொன்னதாக எழுதியில்லை. 5:2-இல் தூதனுக்கு மிகுந்த சத்தம், 5:12-இல் தூதர்களுக்கு மகா சத்தம். அதுவரை அடக்கி வாசியுங்கள். நான்கு பேர், பிறகு மூப்பர்கள், பிறகு தூதர்கள், பிறகு சகல சிருஷ்டியும் என்று வட்டம் விரிவதே இந்தப் பகுதியின் உயிர்.

5:4-இல் "நான் மிகவும் அழுதேன்" என்றபின் ஐந்து வினாடி நிறுத்துங்கள். நாடகம்போல விம்ம வேண்டாம், அமைதியே போதும். 5:5-இல் சிங்கம் என்று கேட்டு, 5:6-இல் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியைக் காண்கிறார். அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவிலும் ஒரு மூச்சளவு இடைவெளி வேண்டும். அவசரப்பட்டால் அந்த வியப்பு சபைக்குக் கிடைக்காது.

5:9, 10-இன் புதிய பாட்டை மூப்பர்களுக்கு மட்டும் கொடுப்பது வழக்கமாக நேரும் தவறு. 5:8-இல் விழுந்து வணங்குபவர்கள் ஜீவன்களும் மூப்பர்களும். பாட்டு இரண்டு கூட்டத்துக்கும் உரியது. வாசிப்பின் அடியில் கீபோர்டை ஓடவிடாதீர்கள், மெய்யெழுத்துகள் அமுங்கிவிடும்.

5:12-இல் ஏழு சொற்கள்: வல்லமை, ஐசுவரியம், ஞானம், பெலம், கனம், மகிமை, ஸ்தோத்திரம். கூட்டமாகச் சொல்லும்போது நாலாவதற்குமேல் வேகம் பிடித்துக் கடைசிச் சொல் குழறும். ஒவ்வொரு "-யும்"-க்குப் பின்னும் சம இடைவெளி விட்டு, "பெலத்தையும்" முடிந்ததும் எல்லாரும் மூச்செடுக்கட்டும்.

5:13-ஐப் பெரிய எழுத்தில் அச்சடித்தோ திரையில் காட்டியோ சபைக்குக் கொடுங்கள். "சிங்காசனத்தின்மேல்" தொடங்கி "உண்டாவதாக" வரை மட்டும் போதும்; முழு வசனத்தையும் போட்டால் விவரிப்பையும் சேர்த்து வாசித்துவிடுவார்கள். யோவானாக வாசிப்பவர் இதில் சேரக்கூடாது. அவர் "சொல்லக்கேட்டேன்" என்று முடிக்கிறவர்.

"ஆமென்" சபைக்குரியது அல்ல, முதலில் துதித்த அந்த நான்கு பேருக்குரியது (5:14). இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். மூப்பர்கள் முழங்காலிட, யோவான் கடைசி வரியை வாசித்ததும் மைக்கை அணைத்துவிடுங்கள். அறிவிப்போ கைத்தட்டலோ வேண்டாம். ஒரு நிமிடமாவது கழித்து ஆயர் ஜெபத்தைத் தொடங்கட்டும்.