ஓடிப்போய்ப் படி, வந்து சொல்!

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இங்கிலீஷ் பீரியடில் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்களா? எளிமையான ஆறு வரிகளை ஒரு தாளில் பெரிதாக எழுதி வராந்தா சுவரில் ஒட்டுங்கள். இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். மூன்று வரி முடிந்ததும் ஆளை மாற்றுங்கள். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளையே ஓடிக்கொண்டிருக்கும்.

ஓடுபவர் கையில் பேனா கூடாது, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்!

என் வகுப்பில் ஒருவன் மூச்சிரைக்க 'ஷிப்' என்று சொல்ல, எழுதியவள் காதில் 'ஷீப்' என்று விழுந்துவிட்டது. கடலில் ஆடு மிதந்தது. குறில், நெடில் வித்தியாசத்தை அன்றைக்கு நான் தனியாக நடத்தவில்லை.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தம் காதைப் பிளக்கும்.