பழைய நெகட்டிவ், ஸ்லைடு ஸ்கேன் பண்ண எந்த சாஃப்ட்வேர்?

ஸ்கேனர் கூட வந்த சாஃப்ட்வேரையே முதல்ல ட்ரை பண்ணுங்க, ஸ்லைடுக்கு பெரும்பாலும் அதுவே போதும். கலர் நெகட்டிவ்தான் படுத்தும், அதுல இருக்குற ஆரஞ்சு சாயத்தை சரியா எடுக்கத் தெரியாத சாஃப்ட்வேர்ல ஸ்கேன் பண்ணா எல்லார் முகமும் நீலமாவோ பச்சையாவோ வந்து நிக்கும். கம்பெனியே டிரைவர் (ஸ்கேனரை கம்ப்யூட்டரோட பேச வைக்குற புரோகிராம்) குடுக்குறத நிறுத்திட்ட பழைய ஸ்கேனர்னா வியூஸ்கேன்னு ஒரு சாஃப்ட்வேர் பாருங்க, அதுக்குள்ளயே நிறைய மாடலுக்கு டிரைவர் இருக்கு, பார்க்க கொஞ்சம் பழைய காலத்து ஆளு மாதிரி இருக்கும் ஆனா வேலை செய்யும். சில்வர்ஃபாஸ்ட்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல கன்ட்ரோல் அதிகம், ஆனா லைசென்ஸ் பொதுவா அந்தந்த ஸ்கேனர் மாடலுக்குத்தான், நாளைக்கு வேற மாடல் வாங்கினா மறுபடி செலவு, அதை யோசிச்சுக்கங்க. ரெண்டுக்குமே ட்ரையல் இருக்கு, காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரே நெகட்டிவை ரெண்டுலயும் போட்டுப் பாருங்க.

தூசி, கீறலை இன்ஃப்ராரெட் வச்சு எடுக்குற வசதி கலர் ஃபிலிமுக்கு அருமை (ஸ்கேனர்லயும் அது இருக்கணும்). சாதாரண கருப்பு வெள்ளை ஃபிலிம்ல அதை ஆஃப் பண்ணிடுங்க, அதுல இருக்குற வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறைச்சிடும், சாஃப்ட்வேர் படத்தையே அழுக்குன்னு நினைச்சு அழிச்சு வைக்கும். கோடாக்ரோம்ங்குற பழைய கோடாக் ஸ்லைடும் இந்த இன்ஃப்ராரெட் விஷயத்துல கொஞ்சம் தகராறுதான்.

கேமரால நெகட்டிவை போட்டோ எடுக்குறவங்க டார்க்டேபிள்ங்குற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நெகட்டிவை சரியான படமா மாத்த நெகடாக்டர்னு ஒரு மாட்யூல் இருக்கு பாருங்க, இலவசம். எதுல பண்ணாலும் 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலா சேவ் பண்ணுங்க, 35 எம்எம் ஃபிலிமுக்கு 2400லேர்ந்து 3200 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு இத்தனை புள்ளி) வச்சா தாராளம்.