டயாலிசிஸும் இருதயமும்: வம்சத்தின் மேல் பழி போடும் முன்

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு வாரம் மூன்று நாள் விடியற்காலை பஸ். சிறுநீரகம் செயலிழந்த பெரியப்பாவுக்கு அங்கே டயாலிசிஸ் (மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது); துணையாக நானும் போவேன். பாம்பன் பாலத்தில் காற்று அடிக்கும்போது, டயாலிசிஸுக்காகக் கழுத்து ரத்தக்குழாயில் போட்டிருக்கும் ட்யூப், அதாவது லைன் மேல் துண்டை இழுத்து மூடிக்கொள்வார். "ஐயாவும் நெஞ்சு வலியிலதான் போனாரு. நம்ம ரத்தத்துலயே இருக்குடா, என்ன செய்ய?"

அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அழற்சி வந்தால் உடம்பு இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரக்கும். அதற்கான மரபணு 7-வது குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஓர் இடத்தில் சிலருக்கு ஜி என்ற டிஎன்ஏ எழுத்து, சிலருக்கு சி. ஒரே கிருமிக்கு ஒருவர் உடம்பு லேசாகவும் இன்னொருவர் உடம்பு பலமாகவும் கொதிப்பதற்கு இதுபோன்ற ஓரெழுத்து வித்தியாசங்களும் ஒரு காரணம். அந்தக் கொதிப்பு அடங்காமல் நீடித்தால் ரத்தக்குழாய்ச் சுவர் கெடும். அமெரிக்க டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மரபணு வேறுபாட்டுக்கும் இருதய நோய்க்கும் தொடர்பு காட்டியது.

தொடர்பு என்றால் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஒரு மரபணு எழுத்து ஆபத்தைச் சற்றே கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். ஊர் மாறினால் மக்களிடம் அந்த எழுத்தின் விகிதமும் மாறும், அதனால் அங்கே கிடைத்த முடிவை அப்படியே இங்கே ஒட்டவும் முடியாது. காசு கொடுத்து மரபணு டெஸ்ட் எடுத்தாலும், அதைப் பார்த்து இன்றைக்கு டயாலிசிஸ் சிகிச்சையை யாரும் மாற்றப்போவதில்லை. (சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று பேசுவார்கள். சில அரிய சிறுநீரக நோய்களுக்கு அது பொருந்தும், இந்த இருதய ஆபத்துக்குப் பொருந்தாது.)

பெரியப்பாவின் விஷயத்தில் நிஜமான வில்லன் அந்தத் துண்டுக்குக் கீழேதான் இருந்தது. கழுத்து லைன் தற்காலிக ஏற்பாடு. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) போடச் சொல்லியும் "அடுத்த மாசம் பாப்போம்" என்று நாங்கள் மாதக்கணக்கில் இழுத்தோம். காய்ச்சல் இல்லையே என்ற தைரியம்! காய்ச்சலே இல்லாமலும் லைன் உள்ளே அழற்சியைக் கிளறிக்கொண்டிருக்கலாம். சொத்தைப் பல், வீங்கிய ஈறு, ஆறாத கால் புண்ணும் அப்படித்தான். வெறுங்காலோடு கரையில் நடக்கிற சர்க்கரை நோயாளிகள் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் சிஆர்பி ரிப்போர்ட், அதாவது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. ஒருமுறை எண் கூடியிருந்ததும் வீடே கலங்கியது. சளி பிடித்தாலும் அது ஏறும். ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டாமல் அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண் இறங்கினால் ஆபத்து போய்விட்டது என்பதும் சரியில்லை. 2009-ல் வெளியான அரோரா ஆய்வில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரோசுவாஸ்டாடின் என்ற, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையைக் கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பும் சிஆர்பியும் இறங்கின; மாரடைப்பும் இருதயச் சாவும் சொல்லும்படியாகக் குறையவில்லை. அதற்காக ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டாடினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாகக் கருவாடு. எங்கள் பக்கம் இதைப் பேசினால் சண்டைதான். ஆனால் ஏறக்குறைய 9 கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு 1 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீர் போகாதவருக்கு அந்தச் சுமை நேராக இருதயத்துக்கு. தண்ணீரில் ஊறவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது. தாகத்துக்கு இளநீர் குடிக்கலாம் என்று நினைத்தால் அதில் பொட்டாசியம் அதிகம், இருதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் செய்பவருக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவிலான இடைவெளிதான் நீளமானது. அந்த நீண்ட இடைவெளியின் முடிவில் இருதயச் சாவு கூடுவதாக 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பும் கருவாட்டு வறுவலும் சேர்ந்து வருவது ஞாயிற்றுக்கிழமை. இப்போது பெரியப்பாவுக்கு மட்டும் அன்றைக்கு உப்புக் குறைத்த சாளைக் குழம்பு, அதுவும் இரண்டு கரண்டி. திட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறார்.