டெம்பரேச்சர் முள் ஏறினா வண்டியை நிறுத்துங்க

பதினாறு வருஷமா ஏர்போர்ட் சவாரி ஓட்டுறேன். வீடு குமரி மாவட்டத்துல திங்கள்நகர் பக்கம். வாரத்துல நாலு நாளாவது திருவனந்தபுரம் போய், கல்ஃப்ல இருந்து வாற ஆட்களை ஏத்திட்டு வரணும். இத்தனை வருஷத்துல நான் கட்டின பெரிய பில்லு ஒண்ணே ஒண்ணுதான்: 41,600 ரூபாய். அதுக்குக் காரணமா இருந்த சாமானோட விலை 380.

ரேடியேட்டரோட கீழ் ஹோஸ். கிளாம்ப் பிடிக்குற இடத்துல ரப்பர் வெடிச்சு, எஞ்சினைச் சூடாகாம வச்சிருக்குற கூலன்ட் சொட்டிக்கிட்டே இருந்திருக்கு. காலையில முற்றத்துல ஈரமா ஒரு வட்டம் கிடந்ததைப் பாத்தேன், ஏசி தண்ணியா இருக்கும்னு விட்டுட்டேன். ஏசி தண்ணிக்கு நிறமும் இருக்காது, பிசுக்கும் இருக்காது. கூலன்ட் பச்சையோ சிவப்போ இருக்கும், விரல்ல தொட்டா வழுக்கும். வண்டிக்கு அடியில ஒரு பழைய அட்டையை விரிச்சுப் போட்டாலே காலையில தெரிஞ்சுடும்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு, களியக்காவிளை தாண்டினதும் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பிச்சது. பின்சீட்டுல மூணு வருஷம் கழிச்சு ஊருக்கு வாற பையன். கேரியர்ல அட்டைப்பெட்டிகள். பாதி வழியில எப்படி இறக்கிவிட? மார்த்தாண்டம் வரைக்கும் ஓடிரும்னு நினைச்சேன். குழித்துறைப் பாலத்துக்கிட்ட வரும்போது பானெட்டுல இருந்து ஆவி பறந்தது.

ஒர்க்‌ஷாப்புல மெக்கானிக் ஆசான் எஞ்சினோட மேல்பாகத்தை, அதான் ஹெட்டை, கழற்றி மேசையில கவிழ்த்துப் போட்டார். அதுக்குக் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வச்சு, நடுவுல இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தகட்டை நுழைச்சார். தகடு தாராளமா உள்ளே போயிட்டு வந்தது.

"ஹெட்டு வளைஞ்சாச்சு அண்ணே. முள்ளு ஏறின பிறவு எவ்வளவு தூரம் ஓட்டினிய?"

"ஒரு ஆறு கிலோமீட்டர் இருக்கும் ஆசானே."

"அங்கனயே ஆஃப் பண்ணியிருந்தா ஹோஸோட போயிருக்கும்."

லேத்துல ஹெட்டைச் சமப்படுத்துற ஃபேஸிங், கேஸ்கெட் செட், ஆயில், கூலி, எல்லாம் சேர்ந்து அந்தத் தொகை. கூடவே வாட்டர் பம்பும் மாத்த வேண்டியதாயிட்டு. அதுக்கும் நான்தான் காரணம். கூலன்ட் குறையும்போதெல்லாம் கிணத்துத் தண்ணியை ஊத்தியிருக்கேன், பம்போட இலையெல்லாம் துரு. கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் கூட்டும். கிணத்துத் தண்ணி ரெண்டையும் செய்யாது.

அதனால முள் நடுவைத் தாண்டினா ஏசியை நிறுத்துங்க, ஹீட்டரைப் ஃபுல்லா வையுங்க, ஓரம் பாத்து வண்டியை நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. ஹீட்டர் எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், ஓரம் சேர அது போதும். எஞ்சின் ஆறாம ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க, முகம் வெந்துரும். ஆறின பிறவு ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. பால் சாயா நிறத்துல திரண்டு கிடந்தா உள்ளே தண்ணி கலந்திருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணவே கூடாது, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்க.

நம்ம ஊருக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. 2021 நவம்பர் மழையில ரோட்டுத் தண்ணிக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நின்னுபோச்சு. மனுஷன் மூணு தடவை சாவியைத் திருப்பினார். காத்து போற வழியில உள்ளே ஏறின தண்ணியை பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுது. தண்ணியில நின்ன வண்டியைத் தள்ளித்தான் கரையேத்தணும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில இந்த மாதிரி எஞ்சின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. புதுப்பிக்கும்போது எஞ்சின் சேதத்துக்கான 'எஞ்சின் புரொடெக்ட்' சேர்க்க முடியுமான்னு நீங்களே கேளுங்க, ஏஜென்ட் தானா சொல்ல மாட்டார்.

கல்ஃப் வீடுகள்ல இன்னொரு செலவு உண்டு. பதினொரு மாசம் ஷெட்டுல கிடக்குற வண்டியில எலி குடியேறிரும். வயர்க் கட்டு முழுசையும் கடிச்சுப்போட்டா புதுசு மாத்தணும், அது சின்னச் செலவு இல்லை. வாரம் ஒரு தடவை யாரையாவது விட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்க. சும்மா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணினா பேட்டரிக்கும் பலன் இல்லை. ஷெட்டுல தேங்காயும் நெல்லும் போட்டு வைக்காதீங்க.

முட்டம், குளச்சல்னு கடற்கரைப் பக்கம் உள்ளவங்க மாசம் ரெண்டு தடவை வண்டியோட அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவணும். உப்பு முதல்ல சைலன்சரைத் தின்னும், பிறவு பிரேக் பைப்பைத் தின்னும். மார்த்தாண்டம் நெரிசல்ல கிளட்ச் மேல கால் வச்சுக்கிட்டே ஊர்றவங்க, நியூட்ரல்ல போட்டுக் காலை எடுங்க. எஞ்சின் வால்வுகளை இயக்குற டைமிங் பெல்ட் உள்ள வண்டின்னா கம்பெனி புத்தகத்துல சொன்ன கிலோமீட்டருக்கு மாத்திருங்க. அறுந்தா நிறைய எஞ்சின்கள்ல வால்வு பிஸ்டன்ல போய் இடிக்கும்.

ஒர்க்‌ஷாப்புல விடும்போது எஸ்டிமேட்டை ஒரு துண்டுத் தாள்லயாவது எழுதி வாங்குங்க. வேலை முடிஞ்சதும் மாத்தின பழைய சாமானை டிக்கியில போடச் சொல்லுங்க. அதுக்கு முகம் சுளிச்ச ஒரு இடத்துக்கு நான் அப்புறம் போகவே இல்லை.