சுயமுன்னேற்ற நூலை எப்படி வாசிப்பது?

மதுரைப் பேருந்து நிலையக் கடைகளிலும் தமுக்கம் புத்தகத் திருவிழாவிலும் சுயமுன்னேற்ற நூல்களைக் கேட்டு வருவோர் குறைவதில்லை. போட்டித் தேர்வில் ஓரிரு மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்தவருக்கும், வட்டி கட்டியே கடையை நடத்துபவருக்கும், வீட்டில் யாரிடமும் மனம்விட்டுப் பேச இயலாதவருக்கும், குறைந்த விலையில், பிறர் அறியாமல் கிடைக்கும் துணை அது. அந்தத் தேவை உண்மையானது. அதை ஏளனம் செய்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

நூலை வாங்குமுன் உங்கள் சிக்கலை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'முன்னேற வேண்டும்' என்பது போதாது. 'படிக்க உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறேன்' என்று எழுதினால், அதற்கு விடை சொல்லும் அத்தியாயம் இருக்கிறதா என்பதைப் பொருளடக்கத்தைப் பார்த்தே அறியலாம். அதிலிருந்து ஒரேயொரு யோசனையை எடுத்துச் சில வாரங்கள் செய்து பாருங்கள். அதுவரை அடுத்த நூலை வாங்காதீர்கள். படித்து முடித்ததும் எழும் உற்சாகத்தையே மாற்றம் என்று நம்பிவிடுவது மிக எளிது.

நூலில் எண்கள் வந்தால், அவை எங்கிருந்து வந்தன என்று தேடுங்கள். 21 நாளில் ஒரு பழக்கம் படிந்துவிடும் என்று பல நூல்கள் சொல்கின்றன. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதியதே, 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்து இப்படிப் பரவியது. லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வோ, சராசரியாக 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள் வரை மாறும் என்றும் கணித்தது. ஆகவே 22-ஆம் நாளில் பழக்கம் படியாதவர் தம்மை மனவுறுதி அற்றவர் என்று நொந்துகொள்ளத் தேவையில்லை.

வெற்றிக் கதைகளையும் இதே கவனத்துடன் படியுங்கள்; அதே வழியில் உழைத்தும் நொடித்துப்போனவர்களின் கதையை அந்நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

எந்த நூலாலும் தீர்க்க முடியாதவை சில உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இரவு வரை நின்று வேலை பார்த்துவிட்டு, திருமங்கலத்துக்குப் பேருந்து பிடித்து, நள்ளிரவை ஒட்டி வீடு சேரும் பெண்ணிடம் 'அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திரு' என்பது அறிவுரை ஆகாது. அவர் கால்வலிக்கு நேரடியான தீர்வைச் சொன்னது, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம்தான். எனவே நூலை வாங்குமுன் உங்கள் சிக்கலைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை மீண்டும் எடுத்து, அதில் உங்கள் கையில் இருப்பது எது, கூலியும் வேலைநேரமும் கடனும் தீர்மானிப்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு மட்டுமே நூலைக் கேளுங்கள்.

உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் நூலை மூடிவிட்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்; 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.