நித்திய நரகம்: தர்க்கத்தில் நிற்கிறதா என்று சோதிக்கும் முறை

"எழுபது வருட வாழ்க்கையில் செய்த பாவத்துக்கு முடிவே இல்லாத தண்டனையா?" நரகத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களிடம் கேட்க நினைக்கும் பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இதற்கான பதில் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் வந்ததும் அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் பேச்சு நின்றுபோகிறது, இல்லையென்றால் சண்டையாகிறது. கேள்வியை ஒழுங்காகக் கட்டினால் நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்தே அதை யோசிக்க முடியும். அதற்கான வழி இது.

எந்த நரகம் என்று முதலில் கேளுங்கள்

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே நரகத்தை நம்புவதில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், மனிதன் கடவுளிடமிருந்து தன்னைத்தானே முடிவாக விலக்கிக்கொண்ட நிலை என்று நரகத்தை விளக்குகிறது. மீட்படைந்தவர்கள் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலமும் கத்தோலிக்கருக்கு உண்டு. சீர்திருத்த வழி வந்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் அதை ஏற்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் வெளிப்படுத்தின விசேஷத்தின் அக்கினிக்கடலை நிஜ நெருப்பாகவே பிரசங்கிப்பது வழக்கம். ஏழாம் நாள் அட்வெந்து சபையார், இறந்தவர்கள் உணர்வில்லாமல் உறங்குகிறார்கள், துன்மார்க்கர் கடைசியில் அழிந்து இல்லாமல் போவார்கள் என்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் நரக வேதனை என்பதையே மறுக்கிறார்கள்.

முடிவில்லாத வேதனையைக் கண்டித்து அட்வெந்து சபைக்காரர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால், "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்" என்பார். ஆகவே வாதத்துக்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நரகத்தில் இருப்பவர் உணர்வோடு இருக்கிறாரா? இறந்த பிறகு மனந்திரும்ப வாய்ப்பு உண்டா? ஒவ்வொரு மனிதரும் மீட்கப்பட வேண்டும் என்று கடவுள் உண்மையாகவே விரும்புகிறாரா? இயேசுவின் பெயரையே கேள்விப்படாமல் இறந்தவரின் கதி என்ன? பதில்களைத் திரும்ப வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால் கெட்டுப்போகும் உரையாடல்களே அதிகம்.

மூன்று வாக்கியங்கள்

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் தாமஸ் டால்பட் 1990இல் ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலை மூன்று வாக்கியங்களாகச் சுருக்கினார். ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்:

1. எல்லா மனிதரும் மீட்கப்பட வேண்டும் என்பது கடவுளின் விருப்பம்.
2. கடவுள் விரும்பியது கடைசியில் நிறைவேறியே தீரும்.
3. சிலர் என்றென்றைக்கும் மீட்கப்படாமலே இருப்பார்கள்.

எந்த இரண்டை எடுத்தாலும் சேர்ந்து நிற்கும். மூன்றும் சேர்ந்து நிற்காது. இந்த முறையின் வலிமை, மூன்றுக்குமே பைபிளில் ஆதாரம் இருப்பதில்தான். முதலாவதற்கு 1 தீமோத்தேயு 2:4, 2 பேதுரு 3:9. இரண்டாவதற்கு எபேசியர் 1:11. மூன்றாவதற்கு மத்தேயு 25:46, 2 தெசலோனிக்கேயர் 1:9. வெளியிலிருந்து எந்தக் கொள்கையையும் கொண்டுவர வேண்டியதில்லை. "இந்த மூன்றில் எதை நீங்கள் விடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் ஊகிக்க வேண்டாம், அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

முதல் வாக்கியத்தை விடுகிறவர், பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவர். கடவுள் சிலரை மட்டுமே மீட்புக்கு முன்குறித்திருக்கிறார் என்பது அவர்கள் நிலை. 1646இல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் மூன்றாம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. "எல்லா மனிதரும்" என்பதற்கு "எல்லாவகை மனிதரும்" என்று அவர்கள் பொருள் கொள்வார்கள். பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டினே அப்படி வாசித்தவர்தான். தர்க்க அளவில் இது கச்சிதமான நிலை. முரண்பாடு என்று இதைத் தாக்காதீர்கள், முரண்பாடு இல்லை. கேட்க வேண்டியது வேறு: தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரைக் கடவுள் நேசிக்கிறாரா? நேசிக்கிறார் என்றால், அந்த நேசம் அவருக்காக என்ன செய்தது? நேசிக்கவில்லை என்றால், கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்னும் 1 யோவான் 4:8 அந்த ஒருவரைப் பொறுத்தவரை எப்படி உண்மையாகும்?

மூன்றாவதை விடுகிறவர்கள் சிலர்தான், ஆனால் பழமையானவர்கள். எல்லோரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்ற பக்கம் மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிகன் சாய்ந்தார், நான்காம் நூற்றாண்டின் ஆயர் நிஸ்ஸா கிரகோரி அதைத் தெளிவாகவே எழுதினார். ஓரிகனின் போதனை ஆறாம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது. நரகம் உண்டு, ஆனால் அது திருத்தும், ஒருநாள் காலியாகும் என்று எதிரே இருப்பவர் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை ஒப்புக்கொண்டு நிறுத்துங்கள். அவரை நித்திய நரகத்துக்குத் திரும்ப இழுத்துவந்து அடிப்பது நேர்மையல்ல.

இரண்டாவது வாக்கியம்: சுதந்திரம் என்ற பதில்

மனிதரின் சுதந்திரத்தைக் காட்டி இரண்டாவது வாக்கியத்தை விடும் இந்தப் பக்கம்தான் இன்று பத்தில் எட்டுப் பேர் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். "கடவுள் யாரையும் அனுப்புவதில்லை, அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்." நரகத்தின் கதவுகள் உள்ளே இருந்துதான் பூட்டப்பட்டிருக்கின்றன என்று 1940இல் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் எழுதியது இந்த நிலையின் புகழ்பெற்ற வடிவம். இதில் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும், அவசரப்படாமல்.

ஒன்று, அறிவு. தனக்கு முடிவில்லாத துயரம் வரும் என்றும், மாற்று வழி முழு இன்பம் என்றும் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒருவர் துயரத்தைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம் இருக்க முடியும்? அவருக்கு அது சரியாகத் தெரியவில்லை என்றால், அறியாமல் செய்த தேர்வுக்கு நித்திய விளைவு எப்படி நியாயமாகும்? அகந்தையே காரணம் என்பார்கள். உண்மையை அறிந்தும் மனிதர் தமக்கே கேடு செய்துகொள்வதை நாம் தினமும் பார்க்கிறோமே என்பார்கள். அது வலுவான பதில்தான். ஆனால் அப்படிச் செய்கிறவரைச் சுதந்திரமானவர் என்கிறோமா, எதற்கோ அடிமைப்பட்டவர் என்கிறோமா என்று கேளுங்கள்.

இரண்டு, மரணம் என்ற எல்லை. தேர்வு அவருடையது என்றால் அது ஏன் சாவோடு முடிய வேண்டும்? உடலைப் பிரிந்த ஆன்மாவின் விருப்பம் மாறாது என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் விளக்கினார். அந்த இயல்பை அமைத்தது யார் என்று கேளுங்கள். கடவுள்தான் என்றால், கதவைப் பூட்டியதில் அவருக்கும் பங்கு வருகிறது. பத்தொன்பது வயதில் விபத்தில் இறந்தவரையும், அதே வயதில் அதே மனநிலையில் இருந்து எண்பதில் மனந்திரும்பிச் செத்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவரையும் பிரித்தது சாலையில் நேர்ந்த ஒரு விநாடி.

மூன்றாவதுதான் முக்கியம். அது சொர்க்கத்திலிருந்து தொடங்குகிறது, பலர் அங்கே போவதே இல்லை. சொர்க்கத்தில் இருப்பவர்களுக்குச் சுதந்திரம் உண்டா? அவர்கள் பாவம் செய்ய முடியுமா? முடியும் என்றால் சொர்க்கம் எப்போது வேண்டுமானாலும் கெடலாம். முடியாது, ஆனாலும் அவர்கள் சுதந்திரமானவர்கள் என்பதே வழக்கமான பதில். பாவம் செய்ய முடியாத சுதந்திரமே மேலான சுதந்திரம் என்று அகஸ்டின் 'கடவுளின் நகரம்' என்ற தமது பெரிய நூலின் கடைசிப் பகுதியில் எழுதினார். அப்படியானால் பாவமில்லாத சுதந்திரம் சாத்தியம். சாத்தியமானதைத் தொடக்கத்திலேயே ஏன் தரவில்லை?

இதற்கு வரும் சிறந்த பதில்: அந்தக் குணம் இந்த வாழ்க்கையில் சோதனைகளுக்கு நடுவே சொந்த முயற்சியால் உருவாக வேண்டும், கொடையாகக் கிடைத்தால் அதற்கு மதிப்பில்லை. இதை முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, பிறந்த மூன்றாம் நாள் இறந்த குழந்தை எங்கே போகிறது என்று கேளுங்கள். சொர்க்கத்துக்கு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தக் குழந்தை எந்தச் சோதனையையும் சந்திக்கவில்லையே? இப்போது இரண்டே வழி. குணம் உருவாகாமலும் சொர்க்கம் உண்டு என்றால், முதல் பதில் விழுகிறது. குழந்தை இறந்த பிறகு வளர்ந்து பக்குவப்படும் என்றால், இறந்த பிறகும் மனம் மாறும் என்று ஆகிறது. குழந்தைக்கு மாறும் மனம் பத்தொன்பது வயதுக்காரருக்கு ஏன் மாறாது? இந்த முடிச்சை நிதானமாக அவர் முன் வைத்துவிட்டுக் காத்திருங்கள். இறையியல் நன்கு படித்தவர்களும் இங்கே நின்று யோசிப்பார்கள்.

தண்டனையின் அளவு

இப்போது அந்தத் தொடக்கக் கேள்விக்கு வரலாம். 1098 வாக்கில் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் தந்த வழியில் பதில் இப்படி அமையும்: குற்றத்தின் எடை யாருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது, கடவுளின் மேன்மைக்கு எல்லை இல்லை, ஆகவே அவருக்கு எதிரான பாவத்துக்கும் எல்லையில்லாத எடை. அரசனை அடிப்பது அடிமையை அடிப்பதைவிடப் பெரிய குற்றம் என்று கருதிய சமூகத்தில் இது இயல்பாகத் தோன்றியது. அதைச் சுட்டிக்காட்டுவது மட்டும் போதாது. ஒரு கருத்து எங்கே பிறந்தது என்பது அதைத் தவறாக்கிவிடாது.

லூக்கா 12:47-48ஐத் திறக்கச் சொல்லுங்கள். எஜமானின் விருப்பம் தெரிந்தும் செய்யாதவனுக்கு அதிக அடி, தெரியாமல் தவறியவனுக்குக் குறைந்த அடி என்று அங்கே வருகிறது. எடை முழுக்கக் கடவுளின் மேன்மையிலிருந்து வருவதானால் எல்லாப் பாவமும் ஒரே எடைதான், அடியில் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? செய்தவரின் அறிவும் எண்ணமும் கணக்கில் சேரும் என்றால், அவை மனித அளவுக்கு உட்பட்டவை. தண்டனையின் காலம் நித்தியம், கடுமையில்தான் வித்தியாசம் என்று சிலர் விலகுவார்கள். அது ஒரு பதில்தான். ஆனால் கடுமையைக் குறைக்கும் அறியாமை காலத்தைக் குறைக்காதது ஏன் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

நரகத்தில் இருப்பவர்கள் அங்கேயும் தொடர்ந்து பாவம் செய்வதால்தான் தண்டனையும் தொடர்கிறது என்ற பதிலும் வரும். அவர்களால் அதை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் வெளியே வர வழி இருக்கிறது. முடியாது என்றால் மேலே சொன்ன மரண எல்லைக்கே திரும்பிவிடுவோம்.

கேள்விப்படாமல் இறந்தவர்கள்

1706 ஜூலையில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். எந்தப் பாதிரியாரையும் எந்த வேதப் புத்தகத்தையும் காணாமல் அதற்கு முந்தைய மாதம் உள்ளூரில் இறந்த ஓர் உழவரை எண்ணிக்கொள்ளுங்கள். திருச்சபைக்கு வெளியே இறப்பவர் நித்திய நெருப்புக்குப் போவார் என்று 1442இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் அறிவித்தது. தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், மனசாட்சிப்படி வாழ்ந்தவரும் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. கடுமையான பதிலைத் தருகிறவரிடம், பிறந்த இடமும் காலமும் அந்த உழவரின் குற்றமா என்று கேளுங்கள். தாராளமான பதிலைத் தருகிறவரிடம், அறியாமையில் மீட்பு உண்டென்றால் அறிவித்துவிட்டு மறுக்கும் வாய்ப்பைக் கொடுப்பது அவருக்கு நன்மையா ஆபத்தா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினம்.

எங்கே தவறும்

கொம்பு முளைத்த சாத்தான், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை என்று கேலி செய்தால் கேட்பவர் காதை மூடிக்கொள்வார். அவற்றில் பல படங்களிலிருந்து வந்தவை, பைபிளிலிருந்து அல்ல. இந்தச் சோதனையால் கடவுள் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. குறிப்பிட்ட சில நம்பிக்கைகளை ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது என்பது வரைதான் இது போகும்.

"கடவுளின் வழி நம் புத்திக்கு எட்டாது" என்று ஏசாயா 55ஐக் காட்டினால் மறுக்க வேண்டாம். எட்டாதது நரகத்துக்கு மட்டுமா, "கடவுள் நீதியுள்ளவர்" என்ற வாக்கியத்துக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். அதோடு ஆதியாகமம் 18ஐயும் வாசியுங்கள். சோதோமில் நீதிமான்கள் ஐம்பது பேர் இருந்தால் அழிப்பீரா என்று தொடங்கிப் பத்து வரை ஆபிரகாம் கடவுளிடமே பேரம் பேசுகிறார். பூமி முழுவதையும் நியாயந்தீர்க்கிறவர் நீதி செய்யாதிருப்பாரோ என்றும் கேட்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. அந்த மரபுக்குள்ளேயே இப்படிக் கேட்க இடம் இருக்கிறது என்பது நம்புகிறவருக்குப் பெரிய ஆறுதல்.

துக்க வீட்டில், மருத்துவமனையில், பிள்ளையை இழந்த தாயிடம் இந்தக் கேள்விகள் எதையும் எடுக்காதீர்கள். நரகப் பிரசங்கம் கேட்டு இரவில் தூங்க முடியாத சிறுவர்களிடமும் வாதம் வேண்டாம். கிறிஸ்தவர்களிலேயே பலர் அதை அப்படி நம்புவதில்லை என்ற தகவலை மட்டும் சொல்லுங்கள், அவர்களுக்கு அதுவே போதும். மற்றவர்களிடம், "எங்கள் பாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்தால் வற்புறுத்தாதீர்கள். அந்த மூன்று வாக்கியத் தாளையும், குழந்தையைப் பற்றிய கேள்வியை ஒரே வரியில் எழுதியும் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.